மணலில் தனியே, 200 கிலோவோடு

திருகோணமலையில் காட்டுக்கும் களப்புக்கும் தினமும் போய்வருகிறவர்கள் யாரும் பெரிய பைக்கில் போவதில்லை. விறகு, தேன், மீன்பெட்டி, பால் கான், ஒரு மூடை உரம், பின்னால் மனைவி, எல்லாம் ஏறுவது பஜாஜ் சி.ரி.100இல், அல்லது அப்பா காலத்து ஹொண்டா எம்.டி.90இல். அதில் செயின் கவர் இருக்காது, சிக்னல் லைட் இருக்காது. ஆனால் விழுந்தால் பள்ளிக்கூடப் பொடியன் ஒருவன் தனியே தூக்கி நிமிர்த்தி, மண்ணைத் தட்டிவிட்டு, உதைத்து ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போய்விடுவான். சி.ரி.100 ஏறக்குறைய 110 கிலோ. என்னிடம் இருக்கும் ஹிமாலயன் 411, ஒயிலும் பெற்றோலும் சேர்த்து 199 கிலோ. கொழும்பில் இருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் ஆபிரிக்கா ட்வின் 230 சொச்சம், பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஜி.எஸ். 249. இதெல்லாம் பெட்டி பூட்டுவதற்கு முந்திய கணக்கு. இரண்டு அலுமினியப் பெட்டி, கூடாரம், தண்ணீர், கமெரா என்று ஏற்றினால் இன்னொரு முப்பது நாற்பது கிலோ கூடும்.

பெரிய பைக்கில் தனியே காட்டுப்பாதைக்குப் போவது ஆபத்து என்றால் ஆட்கள் வேகத்தைச் சொல்வார்கள், இல்லையென்றால் யானையைச் சொல்வார்கள். யானைக்குப் பிறகு வருகிறேன். நான் பார்த்தவரை எங்கள் பக்கத்தில் தனியாளை மாட்டிவிடுவது நடைவேகத்தில் விழும் விழுகைதான். முதலாம் கியர், மணிக்குப் பத்துக் கிலோமீற்றர்கூட இராது. முன்சக்கரம் மணலில் புதைந்து ஒரு பக்கம் இழுக்கும், காலை ஊன்றுவோம், ஊன்றிய இடம் உள்ளே போகும், பைக் மெதுவாகச் சாயும். தார் வீதியில் என்றால் பின்னால் வரும் ஓட்டோக்காரர் இறங்கி ஒரு கை கொடுப்பார், இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் போகலாம். அதே விழுகை ஆளில்லாத இடத்தில், பதினொரு மணி வெயிலில், காலுக்கு மேல் நடந்தால் கதை வேறு.

படகு எஞ்சின் திருத்துவது என் தொழில். நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய், புல்மோட்டை என்று கரை நீளத்துக்கு மீன்வாடிகள் இருக்கின்றன. புல்மோட்டை வீதி நல்ல தார் வீதி. பட்டணத்தில் இருந்து ஐம்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே, ஆறுதலாகப் போனாலும் ஒன்றரை மணித்தியாலம். ஆனால் எந்த வாடியும் தார் வீதியில் இல்லை. வீதியை விட்டு இறங்கி, உப்பளம், களப்போரம், தாழம்பற்றை, பிறகு வெறும் மணல் என்று உள்ளே போகவேண்டும். வருஷக்கணக்காக அந்த வேலையை சி.ரி.100இல்தான் செய்தேன். பிறகு கொழும்பில் ஒருவரிடம் பாவித்த ஹிமாலயன் ஒன்று வாங்கினேன். வேலைக்காக என்று வீட்டில் சொன்னேன். மனுசி நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ஆசைதான், வேறென்ன.

பெரிய பைக் வைத்திருப்பதால் கிடைத்த ஒரு தொல்லை, அந்தப் பக்கம் யாராவது பெரிய பைக்கோடு மாட்டுப்பட்டால் எனக்குத்தான் போன் வரும். கயிறும் செயின் புளொக்கும் என்னிடம் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி வந்த அழைப்புகளில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் இன்று பைக்கில் என்ன கொண்டுபோகிறேன், எதை எங்கே வைக்கிறேன் என்பதெல்லாம் அந்த நாளில் இருந்து வந்தது.

சில வருஷங்களுக்கு முந்தி, புரட்டாதி கடைசி. மாதம் முக்கியம். பங்குனி, சித்திரையில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் குடும்பத்தோடு வந்து எங்கள் கரையில் வாடி போடுவார்கள். வாடைக் காற்றுக்குக் கடல் திரும்புமுன் வலையைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். புரட்டாதி முடியும்போது கொட்டில்கள் நிற்கும், ஆட்கள் நிற்கமாட்டார்கள். செய்மதிப் படத்தில் பார்க்கிறவருக்குக் கூரை தெரியும். கூரைக்குக் கீழே ஆள் இருக்கிறதா என்பது தெரியாது.

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து ஒரு தம்பி, முப்பது வயது இருக்கும், ஆபிரிக்கா ட்வினில் தனியே வந்தவர். யான் ஓயா ஆறு கடலில் விழும் பக்கம், களப்புக்கும் கடலுக்கும் நடுவால் போகும் மணல் வழியில் இறங்கியிருக்கிறார். ஓடத் தெரியாதவர் இல்லை. மலைநாட்டுக் கல்பாதை எல்லாம் பழகின கை. ஆனால் கல்பாதையும் மணலும் ஒன்றல்ல. பைக் ஆட்டம் எடுத்ததும் இடது காலை ஊன்றியிருக்கிறார். பைக் இன்னும் முன்னுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. ஊன்றிய காலின் பின்பக்கத்தில் அலுமினியப் பெட்டி வந்து இடித்து, காலை மடக்கி, அதற்கு மேலேயே சாய்ந்துவிட்டது. ஒன்பதரை மணியளவில் நடந்தது. எருமைப் பட்டி சாய்த்துக்கொண்டு வந்த திரியாய்ப் பொடியன் ஒருவன் அவரைக் கண்டபோது ஒரு மணி தாண்டிவிட்டது.

இடையில் மூன்றரை மணித்தியாலம். அந்த நேரத்தில் அவருக்கு உதவக்கூடிய எல்லாப் பொருளும் பைக்கில் இருந்தது. போன் ஹாண்டிலில் பூட்டியிருந்தது, பாதை பார்ப்பதற்காக. கையை நீட்டினால் ஒரு சாண் எட்டவில்லை. தண்ணீர் பின்பெட்டிக்குள், பெட்டி பூட்டு, திறப்பு எஞ்சின் சுவிட்சில். பைக் திருத்தும் ஆயுதங்கள் இருந்த பை சீற்றுக்குக் கீழே. கத்தினால் கேட்காது, அலைச் சத்தம் ஒரு பக்கம், கரையில் இருந்து கடலுக்கு அடிக்கும் கச்சான் காற்று மறுபக்கம். ஹெல்மெட்டின் முன்மறைப்பைக் கழற்றி அதனால் காலுக்குக் கீழே தோண்டியிருக்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் காய்ந்த மணல் தோண்டத் தோண்டச் சரிந்து நிரம்பும். களைத்துப்போய் விட்டுவிட்டார்.

பொடியனிடம் போன் இல்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு வீதிக் கடைக்கு வந்து சொல்ல, கடைக்காரக் காக்கா எனக்கு எடுத்தார். “தம்பி, உங்கட மாதிரி உடுப்புப் போட்ட ஒருத்தன் பைக்குக்குக் கீழ கிடக்கிறானாம், கெதியா வாங்க.” நல்லவேளை நான் அன்று குச்சவெளியில் நின்றேன். காக்காவின் லேண்ட்மாஸ்டரில், பெட்டி பூட்டிய இரண்டு சக்கரக் கை உழவு இயந்திரத்தில், நாலு பேர் போனோம்.

போனவுடன் பைக்கைப் பிடித்துத் தூக்கிவிடத்தான் எல்லோருக்கும் கை துடித்தது. காக்கா விடவில்லை, அவர் முந்தி லொறி ஓடினவர், இப்படிப் பல பார்த்திருக்கிறார். முதலில் பைக் ஆடாமல் ஒரு பக்கம் இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, ஒருவர் காலுக்குக் கீழ் மணலை அள்ளி இடம் எடுத்தார். பிறகுதான் மூன்று பேர் சேர்ந்து ஓரடி உயர்த்த, மற்றவர் தொடையையும் முழங்காலையும் சேர்த்துப் பிடித்து நேராக இழுத்தார். கணுக்கால் உடைந்திருந்தது, பார்த்தாலே தெரிந்தது. எனக்குப் பயம் தந்தது அதில்லை. அந்த வெயிலில் ஆளின் தோல் காய்ந்து சூடாக இருந்தது, வியர்வை நின்றுபோயிருந்தது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். “அண்ணா, இது எந்த இடம்?” சொல்வோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி, “அண்ணா, இது எந்த இடம்?” வெயிலில் வியர்வை நின்று பேச்சுத் தடுமாறினால் அது உயிராபத்து, கால் முறிவு அதற்குப் பிறகுதான். படங்கைப் பிடித்து நிழல் கட்டி, உடுப்பைத் தளர்த்தி, இருந்த தண்ணீர் முழுவதையும் கழுத்திலும் கக்கத்திலும் உடம்பிலும் ஊற்றி விசிறினோம். ஆள் கொஞ்சம் தெளிந்து தானே கையில் போத்தலைப் பிடித்த பிறகுதான் ஜீவனி என்ற உப்புச்சீனித் தூளைத் தண்ணீரில் கரைத்து மிடறு மிடறாகக் கொடுத்தோம். நினைவு சரியில்லாதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசும் இல்லை. ஆனால் அது தார் வீதிக்குத்தான் வரும், யான் ஓயா வாய்க்கு வராது. உள்ளே இருந்து வீதிக்கு ஆளைக் கொண்டுவருவது உங்கள் வேலை. லேண்ட்மாஸ்டர் பெட்டியில் உமி மூடை இரண்டைப் போட்டு, காலைத் தடியோடு சேர்த்துக் கட்டி, கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, கால் எவ்வளவு நேரம் கீழே இருந்தது என்பது. நீண்ட நேரம் நசுங்கிக் கிடந்த தசை விடுபட்ட பிறகும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாமாம். ஆகவே விழுந்த நேரத்தை யாராவது குறித்துச் சொல்லவேண்டும்.

பைக்குக்கு என்ன ஆனது என்றால், கிளச் லீவர் கொஞ்சம் வளைந்திருந்தது. அடுத்த நாள் நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். அருமையான எஞ்சின்.

அன்றைக்குப் பிறகு நான் சாமான்களை இரண்டாகப் பிரித்துவிட்டேன்: உடம்பில் இருப்பவை, பைக்கில் இருப்பவை. போன் நெஞ்சுப் பொக்கற்றில். பாதை பார்க்க ஹாண்டிலில் வேண்டுமென்றால் பழைய போன் ஒன்றில் வரைபடத்தை இறக்கிப் பூட்டலாம், சிம் இருக்கும் போன் உடம்பை விட்டுப் போகக்கூடாது. முதுகில் இரண்டு லீற்றர் தண்ணீர்ப் பை, குழாய் தோளில். ஜக்கெற் சிப்பில் ஒரு விசில். விலை ஒன்றுமில்லை, கத்துவதை விட எத்தனையோ மடங்கு தூரம் போகும், தொண்டையும் வறளாது. சின்னக் கத்தி, ஜீவனி இரண்டு பைக்கற், ஒரு சிறு தகரக் கரண்டி, தோண்டுவதற்கு. மீதி எதுவானாலும் பைக்கில் கிடக்கட்டும்.

அலுமினியப் பெட்டி பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. தார் வீதியில் கொழும்பு, யாழ்ப்பாணம் போக நல்லது. மணலுக்கும் சேற்றுக்கும் அதைப் பூட்டிக்கொண்டு தனியே போகவேண்டாம். காலை ஊன்றாமல் மணலில் ஓட யாருக்கும் முடியாது; ஊன்றிய காலுக்குப் பின்னால் கூர்விளிம்புப் பெட்டி ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. துணிப் பை என்றால் இடிக்கும், மடங்கும், விட்டுவிடும். எஞ்சின் காவல் கம்பி நல்லதாகப் பூட்டினால் பைக் முழுதாகப் படுக்காமல் ஒரு இடைவெளி நிற்கும், காலை உருவ அது உதவும். சப்பாத்தும் அப்படித்தான். வெள்ளவத்தைத் தம்பி போட்டிருந்தது மலையேறும் சப்பாத்து, கணுக்காலில் மெத்தென்று இருக்கும். மோட்டோகுரொஸ் சப்பாத்து முழங்கால் வரைக்கும் கட்டை போல இறுக்கமாக இருக்கும், நடக்கச் சிரமம், வெயிலில் வேகும். இருந்தாலும் அதைத்தான் போடுகிறேன்.

விழுந்த பைக்கைத் தூக்குவது பலத்தால் இல்லை, முறையால் என்று வீடியோக்களில் சொல்வார்கள். பாதி உண்மை. முறை இதுதான்: எஞ்சினை நிறுத்து, பெற்றோல் வழிகிறதா பார். முதலாம் கியரில் போடு, உருளாது. வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்குமுன்பே சைட் ஸ்ராண்டை வெளியே இழுத்துவிடு, இல்லாவிட்டால் நிமிர்த்தி அந்தப் பக்கம் போட்டுவிடுவாய். பைக்குக்கு முதுகைக் காட்டிக் குந்தி, திருகி வைத்த ஹாண்டிலின் முனையை ஒரு கையால், பின் கம்பியை மறு கையால் பிடித்து, முதுகை நேராக வைத்து, தொடையால் தள்ளிச் சின்னச் சின்ன அடியாகப் பின்னுக்கு நட. பாரம் முழுவதும் முதல் ஓரடியில்தான். அதற்கு மேல் தானே வரும். சீமெந்துத் தரையில் இது வேலை செய்யும். மணலில் உன் குதி புதைகிறது, பைக்கின் ரயரும் சறுக்கிக்கொண்டு போகிறது. ரயருக்குப் பின்னால் ஒரு கட்டையோ பையோ அண்டைகொடுக்காமல் தூக்காதே.

சும்மா வாசித்துவிட்டு வராதீர்கள். வீட்டு முற்றத்தில், பயணத்துக்கு ஏற்றும் சாமான் அத்தனையும் ஏற்றி, பைக்கை மெதுவாகச் சாய்த்துப் போட்டுத் தூக்கிப்பாருங்கள். இரண்டு பக்கமும். நான் செய்தபோது பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் பார்த்து, “தம்பி, விக்கப் போறீங்களோ?” என்று கேட்டா. முற்றத்தில் முடியாதது யான் ஓயாவில் முடியாது.

இன்னொன்று, எத்தனை தடவை தூக்கலாம் என்பது. சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, காலை ஏழு மணிக்கு விழுந்தால் முதல் தடவை தூக்கிவிடுவோம். இரண்டாவது தடவை நெஞ்சு அடிக்கும், கை நடுங்கும். மூன்றாவது தடவை முதுகு பிடிக்கும், அல்லது பாதியில் விட்டுப் பைக் மறுபடி விழும், இந்தத் தடவை நம் மேல். ஆகவே ஒரே வழியில் இரண்டு தடவை விழுந்தால் நான் திரும்பிவிடுகிறேன். பதினைந்து நிமிஷம் நிழலில் இருந்து, தண்ணீர் குடித்து, வந்த வழியே. முன்னுக்கு இன்னும் ஒரு கிலோமீற்றர்தான், பிறகு நல்ல வழி என்று வரைபடம் சொல்லும். வரைபடத்துக்கு முதுகு வலிக்காது. வெயிலில் உடம்பை வருத்தி வேலை செய்தால் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வியர்வை சுலபமாகப் போகும். வைகாசி, ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது அது தோலில் நிற்காமலே காய்ந்துவிடும், போவது தெரியாது. தலைக்குத் தண்ணீர் குறைந்தால் முதலில் போவது யோசனை. அதனால்தான் திரும்பும் முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டுப் போகவேண்டும், அங்கே போய் எடுக்க முடியாது.

மணலில் ஓடும் விஷயம் சுருக்கமாக. வீதியில் நான் முன்னுக்கு 25, பின்னுக்கு 32 பி.எஸ்.ஐ. காற்று வைக்கிறேன். மணல் தொடங்குமுன் இறங்கி இரண்டையும் 18, 20 அளவுக்கு விடுவேன். இன்னும் குறைத்தால் பிடிப்பு நன்றாக இருக்கும்தான், ஆனால் ஹிமாலயனில் ரியூப். ஒரு கல்லில் ஏறினால் ரியூபை ரிம் கிள்ளிவிடும். திரும்பி வீதிக்கு வந்ததும் பழையபடி அடிக்க ஒரு கைப்பம்பு வேண்டும். கால்மிதியில் ஏறி நின்று, பாரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்து, பார்வையைத் தூரத்தில் வைத்து, எக்ஸிலேற்றரை ஒரே சீராகப் பிடிக்கவேண்டும். மணலில் பயந்து எக்ஸிலேற்றரை விட்டால்தான் முன்சக்கரம் புதையும். புதைந்த பிறகு கிளச்சைப் பாதியில் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தால் எரிந்த வாசம் வரும். அந்த வாசம் வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். கிளச் போன பெரிய பைக்கை மணலில் தள்ளிக்கொண்டு வர ஒருவரால் முடியாது.

தூரத்துக்கு நான் வைத்திருக்கும் அளவு ஒன்று: தனியே போனால், தார் வீதியில் இருந்து அல்லது கட்டாயம் ஆள் இருக்கும் வீட்டில் இருந்து ஐந்து கிலோமீற்றருக்கு மேல் உள்ளே போவதில்லை. மோட்டோகுரொஸ் சப்பாத்தோடு, மணலில், வெயிலில் ஐந்து கிலோமீற்றர் நடக்க இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். முதுகில் இருக்கும் தண்ணீர் அதற்குத்தான் காணும். மூதூர், சம்பூர் தாண்டி பவுல் முனை வெளிச்சவீட்டுக்குப் போக நிறையப் பேருக்கு ஆசை. வெள்ளைக்காரன் காலத்துக் கோபுரம், கொட்டியாரக்குடாவின் வாயில் நிற்கிறது, பார்க்கவேண்டிய இடம்தான். போவது கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி நல்ல வீதி, கடைசித் துண்டுதான் மணலும் பற்றையும். அந்தத் துண்டைத் தனியே போகிறவர்கள் பைக்கை ஊரில் ஒரு வீட்டில் விட்டுவிட்டு நடந்து போகலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாரியில், ஐப்பசியில் இருந்து தை வரை, ஆபத்து சேற்றுக்கு மாறும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து வயல் வரம்புப் பாதையில் களிமண் முன் மட்காட்டுக்குள் இறுகிச் சக்கரத்தையே பூட்டிவிடும். குளம் நிரம்பி வான் பாயும்போது வழியைக் குறுக்கறுக்கும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் வேகமாக ஓடினால் பைக்கைப் பக்கவாட்டில் தள்ளும். முதலில் நடந்து பார்க்கவேண்டும் என்று சொல்வார்கள். எங்கள் குளங்களில் முதலை உண்டு. நடந்து பார்க்க விருப்பமில்லாத தண்ணீரை ஓட்டிப் பார்க்கவும் தேவையில்லை, திரும்புங்கள்.

சரி, யானை. கந்தளாய், முதலிக்குளம், கோமரங்கடவல, சேருவில, எல்லாப் பக்கமும் நிற்கிறது. பின்னேரம் நாலரைக்குப் பிறகும் விடிய ஏழு மணிக்கு முன்னும் குளத்துக்குப் போகும் வழியில் நீங்கள் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் பெரிய விதி. பெரிய பைக்காரருக்கு இதில் தனியான சிக்கல் ஒன்று உண்டு. ஒற்றையடிப் பாதையில் சி.ரி.100ஐப் பின்பக்கத்தைத் தூக்கியே திருப்பிவிடலாம். 200 கிலோவை முன்னும் பின்னும் ஐந்தாறு தடவை ஆட்டித்தான் திருப்பவேண்டும், அதிலும் மணலில். தனியன் யானை ஒன்று அறுபது மீற்றரில் நின்றால் அந்த நேரம் உங்களிடம் இல்லை. ஆகவே பச்சையாக யானை லத்தி கண்டால், கொப்பு முறிந்து பால் வடிந்தால், அந்த இடத்திலேயே திரும்புங்கள், யானையைக் கண்ட பிறகு இல்லை. ஹோன் அடிக்கவேண்டாம், லைட்டை வெட்டவேண்டாம். தேசிய வனங்களுக்குள் மோட்டார் சைக்கிள் விடமாட்டார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும். பின்வழியால் சோமாவதியப் பக்கம் நுழையலாம் என்று யாராவது வழி சொன்னால் கேட்காதீர்கள்.

யானையை விடக் கண்ணுக்குத் தெரியாதவை மோசம். யானைவேலிக் கம்பி பாதைக்குக் குறுக்கே கொளுவியிருக்கும், மங்கலில் தெரியாது. அரசாங்க வேலியில் மின்சாரம் துடிப்புத் துடிப்பாக வரும், அடிக்கும், பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. வயல்காரர் திருட்டாக வீட்டு லைனில் இருந்து இழுக்கும் கம்பி கொல்லும். பன்றிக்குக் கட்டிவைக்கும் துவக்கும் உண்டு. அதனால் பைக்கை விட்டு நடக்க நேர்ந்தாலும் சக்கரத்தடம் இருக்கும் வழியிலேயே நடக்கவேண்டும், பற்றைக்குள்ளால் குறுக்கு வழி பிடிக்கக்கூடாது. தென்னமரவாடிக்கு வடக்கே முல்லைத்தீவு எல்லைக்குள் மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகையை இன்னும் காணலாம். அங்கே ஒன்றுக்குப் போகவும் தடத்தை விட்டு இறங்கவேண்டாம்.

வட்ஸ்அப்பில் இருக்கும் இடத்தைப் பகிர்ந்துவிட்டேன், பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். சிக்னல் இல்லாத இடத்தில் அது கடைசியாகச் சிக்னல் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். வீட்டார் பார்த்து நீங்கள் குச்சவெளியில் தேநீர் குடிக்கிறீர்கள் என்று நினைப்பார்கள். நான் தாளில் எழுதி குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போகிறேன்: எந்த இடத்தில் வீதியை விட்டு இறங்குகிறேன், எத்தனையாம் கிலோமீற்றர்க் கல்லுக்குக் கிட்ட, எத்தனை மணிக்குள் போன் வரவேண்டும், வராவிட்டால் யாருக்கு எடுக்கவேண்டும். அந்தக் கடைசி வரியில் இருப்பது பொலிஸ் இல்லை. காக்காவின் நம்பர், லேண்ட்மாஸ்டர் வைத்திருப்பவர். அவர் நாற்பது நிமிஷத்தில் அந்த மணலில் நிற்பார். குளத்தின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவைப்பதும் நல்லது. 1990இல் எடுப்பவருக்கு முதலிக்குளம் என்றால் விளங்காமல் மொறவெவ என்றால் விளங்கலாம். வேறு வேறு நிறுவனத்தின் இரண்டு சிம் வைத்திருங்கள். களப்போரத்தில் ஒன்று செத்தால் மற்றது ஒரு கோடாவது காட்டும்.

தனியே போகாமல் விடலாமே என்று கேட்பீர்கள். விடலாம், ஆனால் இன்னொரு ஆபிரிக்கா ட்வினைக் கூட்டிக்கொண்டு போவதால் பிரச்சினை பாதிதான் தீரும். மணலில் ஒன்று புதைந்தால் மற்றதும் பக்கத்திலேயே புதையும், இரண்டு பேரும் களைப்பார்கள். எனக்குப் பிடித்த கூட்டு, பெரிய பைக் ஒன்று, சின்ன பைக் ஒன்று. சின்னதில் வருகிறவர் முன்னால் போய் வழி பார்த்துவிட்டு வருவார், தூக்க ஒரு கை கொடுப்பார், ஏதும் நடந்தால் வீதிக்குப் போய் ஆளைக் கூட்டிவருவார். வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். நிலாவெளியிலோ குச்சவெளியிலோ பெற்றோல் அடிக்கும்போது விசாரித்தால், வாடிகளுக்கு ஐஸ் ஏற்றும் பொடியன்மார், மீன் எடுக்கப் போகிறவர்கள் யாராவது ஒருவர் அரைநாள் கூலிக்கு வருவார். எந்த வாடியில் ஆள் நிற்கிறது, எந்தப் பாலத்தில் பலகை இல்லை, நேற்று யானை எங்கே நின்றது, எல்லாம் அவருக்குத் தெரியும். காசு பேசும்போது வழி காட்டுவதற்கு மட்டும் பேசாமல் பைக் தூக்குவதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். பிறகு தகராறு வரும்.